மலைக்குப் போன பெட்டியும் போகாத நானும்

பாசிக்கு வேர் கிடையாது. காற்றும் மழையும் என்ன கொண்டுவந்து போடுகிறதோ அதைத் தின்றுதான் உயிர் வாழும், அதனால் ஓர் இடத்துக் காற்றில் என்ன உலோகம் கலந்திருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் அங்கே உள்ள பாசியைக் கேட்டால் போதும் என்பதுதான் எங்கள் தொழில்.

அடையாறில் ஒரு சின்ன ஆய்வுக்கூடம். அங்கே நான் உதவியாளர். கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாவது முடித்து, கல்யாணமாகி, திருவான்மியூருக்குக் குடிவந்து, மகள் பவித்ராவை எல்.கே.ஜி.யில் சேர்த்த பிறகு கிடைத்த வேலை. பாசியைச் சுத்தம் செய்து, எலுமிச்சம்பழ அளவுக்கு நைலான் வலைப் பையில் கட்டி, மயிலாப்பூர், தி. நகர், பெசன்ட் நகர் என்று மாடி மாடியாக ஏறித் தொங்கவிட வேண்டும். ஆறு வாரம் கழித்து அவிழ்த்து வந்தால், அதில் ஈயம் எவ்வளவு, துத்தநாகம் எவ்வளவு என்று அளந்து சொல்வார்கள். ஆனால் ஆள் போகாத காட்டுக்கும் காற்று போகிறதே? அதையும் பார்க்க வேண்டும். அதற்காக வருஷத்துக்கு இரண்டு தடவை நீலகிரியில் ஒரு சோலைக்காட்டுக்குப் போய் அங்கே வளரும் பாசியை எடுத்து வர வேண்டும். கடைசி பஸ் நிற்கும் ஊரிலிருந்து நாலு மணி நேரம் நடை. வனத்துறை அனுமதி எங்களில் ஒரே ஒருவருக்குத்தான்.

அந்த ஒரே ஒருவர் ஸ்டெல்லா. சாந்தோம் பொண்ணு, எம்.எஸ்ஸி. படித்தவள், அப்பாவும் அத்தைகளும் வாத்தியார்கள். என்னைவிட மூன்று வயது சின்னவள், வாய்க்கு வாய் அக்கா என்பாள். பரங்கிமலையையும் படிக்கட்டு போட்ட சாமி மலைகளையும் விட்டால் வேறு மலையே பார்க்காத நான், அவள் மலைக்குப் போகப் பெட்டி கட்டித் தருகிறவள். கூட வேலை செய்கிறவரின் பயணத்துக்கு மூட்டை கட்டிக் கொடுத்து, சிரித்த முகமாகக் கையாட்டிவிட்டு, பாத்ரூமில் போய் முகம் கழுவியவர் உங்களில் யாராவது இருந்தால், இப்படி வந்து என் பக்கத்தில் உட்காருங்கள்.

வாசலில் பத்து நிமிடம்

பாசி வைத்திருக்கும் அறைக்குள் உலோகம் நுழையக் கூடாது. வளையல், மோதிரம், மெட்டி, கொலுசு, ஹேர்பின், துப்பட்டாவின் சேஃப்டி பின் எல்லாம் வாசலில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் போக வேண்டும். பவுடர், கண்மை, குங்குமம் எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். தாலியை மட்டும், போனால் போகிறது என்று, கோட்டுக்குள் விட்டுக் கழுத்துவரை பட்டன் போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தார் மேடம். மேடம்தான் எங்கள் தலைவர். அதிகம் பேச மாட்டார். பேசினால் கேள்வியாகத்தான் பேசுவார்.

நான் வாசலில் ஒற்றைக் காலில் நின்று மெட்டியோடு மல்லுக்கட்டிக் கொண்டிருப்பேன். ஸ்டெல்லா வருவாள். கழுத்தில் கயிற்றில் கோத்த மர ஜெபமாலை ஒன்று, அவ்வளவுதான். அதைக் கழற்றி மாட்டிவிட்டு, ஒரு கையால் கோட்டை இழுத்துப் போட்டபடியே உள்ளே போய்விடுவாள். பொம்பளையாகப் பிறந்து இவ்வளவு லேசாக ஒருத்தி நடமாடலாமா என்று எனக்கு வயிறு எரியும். ஒருநாள் கதவு இடுக்கில் தலையை நீட்டிச் சொன்னாள்:

"அக்கா, நீங்க கழட்டி முடிக்கறதுக்குள்ள இந்தப் பாசி இன்னொரு இன்ச் வளந்துடும்."

எங்காத்துக் காத்து

மயிலாப்பூரில் கோயில் குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய அடுக்குமாடி. மேடம் தேர்ந்தெடுத்தது மூன்றாவது மாடியில் தெருப் பக்கத்து பால்கனி. நான் கொடிக்கம்பியில் படாமல் பருத்தி நூலில் பையைக் கட்டிவிட்டு வெளியே வந்தபோது, எதிர் வீட்டுக் கதவைத் திறந்து ஒரு மாமி நின்றார். கையில் பில்டர் காபி. எனக்கில்லை, அவருக்கு.

இது எதற்கு, யார் தருகிறார்கள், எத்தனை நாள் இருக்கும் என்று வரிசையாகக் கேட்டார். சொன்னேன். ஒரு தெருவுக்கு ஒரு பைதான் என்றும் சொன்னேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! ஸ்டெல்லா மலையிலிருந்து போட்டோ அனுப்பும்போது என் முகமும் இப்படித்தான் போகும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நான் லிஃப்டுக்குள் போகும்வரை பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டார்:

"அவாத்துல மட்டும் கட்டிண்டு போறியே, எங்காத்துக் காத்தெல்லாம் காத்தில்லையா?"

கடைக்காரர் செய்த உதவி

தி. நகரில் ஒரு பாத்திரக்கடை மாடியில் கட்டின பையை அவிழ்க்கப் போனேன். பை இருந்தது. பையோடு ஒட்டி உரசிக்கொண்டு, இரும்புக் கம்பியில் கோத்த எலுமிச்சம்பழமும் ஏழு பச்சை மிளகாயும் தொங்கின. கம்பி துருப்பிடித்துப் பாசி மேலேயே வழிந்திருந்தது. ஆறு வாரம் வீண்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "அண்ணா, இது சயின்ஸ். இதுல சாமி, திருஷ்டி எல்லாம் கொண்டுவந்து கலக்கலாமா? சொன்னா கேட்கணும்ல? ஒரு வேலைன்னா அதுக்கு ஒரு ஒழுங்கு இருக்குல்ல?" என்று நடுக்கடையில் நின்று பாடம் எடுத்தேன். சில்வர் குடம் வாங்க வந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பாடத்தை நீங்களும் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் கோபித்துக்கொள்ளவே இல்லை.

"இல்லம்மா, மாடிக்கு வர்றவன் எல்லாம் உங்க பையவே மொறச்சுப் பாக்கறான், அதான் பாவம் அதுக்கும் ஒண்ணு கட்டி வுட்டேன்."

மீன்கார அம்மாவின் தீர்ப்பு

பெசன்ட் நகர் கடலோரம் ஊரூர் ஒல்காட் குப்பத்தில் பை கட்டுவது சுலபம், காகத்திடமிருந்து காப்பாற்றுவதுதான் கஷ்டம். அங்கே ஒரு மீன்கார அம்மா வீட்டு மாடியில்தான் எங்கள் பை. ஏணி பிடித்து ஏறியது நான். வெயிலில் நின்று முடிச்சுப் போட்டது நான். காகம் கொத்தாமல் இருக்க மேலே வலை விரித்ததும் நான்தான். இறங்கி வந்தால் அந்த அம்மா கேட்கிறார், "கூட ஒரு பொண்ணு வருமே, அது வர்ல?"

ஸ்டெல்லா வந்தால் ஏணிப் பக்கமே போக மாட்டாள். கீழே உட்கார்ந்து, எந்தக் காற்றடித்தால் எந்த மீன் கிடைக்கும் என்று கதை கேட்டுக்கொண்டிருப்பாள். போகும்போது அவளுக்கு ஒரு கவர் நெத்திலி கிடைக்கும். எனக்கு இதுவரை ஒரு நெத்திலி வால்கூடக் கிடைத்ததில்லை. வேலையெல்லாம் நான் செய்ய, மீன் மட்டும் அவளுக்கா என்று சிரிக்கிற மாதிரி கேட்டே விட்டேன். அந்த அம்மா செதில் சீவுவதை நிறுத்தாமல் சொன்னார்:

"நீ வந்தா பைய கட்டிக்கினு பூடுற, அது வந்தா குந்திக்கினு பேசுது, நீயே சொல்லு கண்ணு, மனசு யாரு மேல போவும்?"

பெட்டிக்கு ஒரு பொட்டு

ஆயுத பூஜை வந்தது. மேடம் முன் அறையில் மட்டும் பூஜைக்கு அனுமதித்தார். வாசல் கதவுக்கும் கம்ப்யூட்டருக்கும் சந்தனம் குங்குமம், ஒரு பூசணிக்காய், பொரி, கடலை. பாசி அறைப் பக்கம் ஒரு துளிகூடப் போகக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். சரி மேடம் என்று நானும் இரண்டு தடவை சொன்னேன்.

அதற்கு மறுநாள் ஸ்டெல்லா மலைக்குக் கிளம்ப வேண்டும். அவள் பெட்டி என் பொறுப்பு. மீன் கடையில் ஐஸ் போட்டு வைப்பார்களே, அந்த மாதிரி வெள்ளைப் பிளாஸ்டிக் பெட்டி. ஆசிட் கலந்த தண்ணீரில் ஒரு தடவையும், சுத்திகரித்த தண்ணீரில் மூன்று தடவையும் கழுவிக் காய வைத்தேன். பதினெட்டு காக்கிக் கவர், பருத்தி நூல், பிளாஸ்டிக் இடுக்கி, பவுடர் போடாத கையுறை, அட்டைப்பூச்சிக்கு உப்பு, வழிக்குப் புளியோதரை எல்லாம் எடுத்து வைத்தேன். புளியோதரை தனிப் பையில்தான், பயப்படாதீர்கள். மூடப் போகும்போது ஒரு நினைப்பு வந்தது. கேவலம் ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்கு வாய்த்தது எனக்கு வாய்க்கவில்லையே! இது மேகத்துக்குள் போகும், நான் இருபத்தொன்பது சி பஸ்ஸில் போவேன்.

பூஜைத் தட்டில் நான் வீட்டிலிருந்து கொண்டுவந்த குங்குமம் மீதி இருந்தது. மூடியைத் திருப்பி, உள்பக்கம் நட்டநடுவில் சந்தனம் தொட்டு, அதன்மேல் குண்டாக ஒரு குங்குமப் பொட்டு வைத்தேன். சாமிக்காக வைத்தேன் என்று சொன்னால் பொய். நான்தான் போக முடியவில்லை, என் விரல் பட்ட ஏதாவது ஒன்றாவது போகட்டும் என்றுதான் வைத்தேன். வெளிப்பக்கம் வைத்தால் மேடம் பார்த்துவிடுவார், உள்ளே ஸ்டெல்லா பார்த்தால் பூஜைப் பொட்டு என்று விட்டுவிடுவாள். மூன்றாம் நாள் ஸ்டெல்லா ஏதோ பாறை மேல் ஏறி சிக்னல் பிடித்துப் பேசினாள். நான் அடையாறு சிக்னலில் நின்றுகொண்டிருந்தேன்.

"அக்கா, சத்தியமா சொல்றேன், மேகம் என் காலுக்குக் கீழ போகுது அக்கா!"

மலையில் ஈயம்

டிசம்பரில் ரிசல்ட் வந்தது. பதினைந்து கவரில் இருந்த பாசி, மலைப்பாசி எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருந்தது. மூன்று கவரில் மட்டும் ஈயம். கொஞ்சநஞ்சமில்லை, தி. நகர் பஸ் ஸ்டாண்டில் நாங்கள் கட்டின பையையே தூக்கிச் சாப்பிடும் அளவுக்கு. வண்டி போகாத, வீடு இல்லாத, புகை இல்லாத காட்டில் ஈயமா?

மேடம் ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். பஸ் நின்ற இடத்தில் எடுத்தாயா? நடக்கச் சோம்பல்பட்டு ரோட்டோரம் எடுத்தாயா? ஸ்டெல்லா நோட்டைக் காட்டினாள், போட்டோவைக் காட்டினாள், இல்லை மேடம், இல்லை மேடம் என்றாள். அவள் குரல் உடைந்தது. பக்கத்து அறையில் நான் கண்ணாடிக் குடுவை கழுவிக்கொண்டிருந்தேன். எனக்குப் பாவமாக இருந்தது என்று எழுத ஆசைதான். ஆனால் தண்ணீர்ச் சத்தம் இடைஞ்சலாக இருக்கிறது என்று குழாயை மூடிவிட்டுக் கேட்டேன். சாயங்காலம் மேடம் என்னிடம் வந்தார். அதே மூன்று இடத்தில் வேறு ஆள் போய் எடுத்துப் பார்த்தால்தான் விஷயம் தெரியும் என்றார். அடுத்த அனுமதியில் ஸ்டெல்லா பெயரை எடுத்துவிடலாம் என்று இருக்கிறாராம்.

"செல்வி, பொங்கல் முடிஞ்சதும் நீ போறியா, குழந்தையைப் பார்த்துக்க வீட்டுல ஆள் இருக்கா?"

குரங்குக் குல்லா

ஆள் இல்லாமல் போய்விடுமா! வீட்டுக்காரர் லீவு போடுகிறேன் என்றார். நான் அன்றைக்கே பாண்டி பஜார் போய்க் குரங்குக் குல்லா, கம்பளிக் கையுறை, அட்டை ஏறாத நீளக் காலுறை எல்லாம் வாங்கினேன். சென்னையில் குரங்குக் குல்லா வாங்குகிறவர்களைப் பார்த்து இத்தனை நாள் சிரித்தவள் நான்.

வீட்டில் போட்டுப் பார்த்தேன். வியர்த்துக் கொட்டியது. கழற்ற மனசில்லை. பவித்ரா என்னைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். ஆபீசில் ஸ்டெல்லா எப்போதும்போல "அக்கா, மேல குளிரும், உள்ளே இன்னொரு பனியன் போடுங்க" என்றெல்லாம் சொல்லித் தந்தாள். எந்தப் பாறையில் சிக்னல் வரும் என்று படம் வரைந்துகூடக் கொடுத்தாள். அவள் கண் மட்டும் வீங்கியிருந்தது. இவள் திட்டிவிட்டால் தேவலையே என்று எனக்குத் தோன்றியது. படத்தை நான் மடித்துப் பைக்குள் வைத்தபோது, அவளே சொன்னாள்:

"அக்கா, அந்த மூணு எடத்தையும் நல்லாப் பார்த்துட்டு வாங்க, நான் பொய் சொல்லலன்னு நீங்களாவது வந்து சொல்லுங்க."

மூடி

கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது, முதல் தடவையாக எனக்காகவே பெட்டி கட்ட உட்கார்ந்தேன். ஸ்டெல்லா மலையிலிருந்து கொண்டுவந்த பிறகு யாரும் கழுவாத அந்தப் பெட்டியின் மூடியைத் திருப்பினேன்.

நடுவில் பொட்டு. குண்டாக வைத்த பொட்டு இல்லை. நனைந்து, கரைந்து, நாலு பக்கமும் வழிந்து காய்ந்திருந்தது. ஈரப் பாசி, மூடின பெட்டி, ராத்திரி முழுக்க பஸ். உள்ளே வியர்த்து மூடியிலிருந்து சொட்டியிருக்கிறது. எங்கே சொட்டியிருக்கும்? மேல் அடுக்கில் இருந்த கவர்களில். ஓடிப்போய் ஸ்டோரில் பழைய கவர்க்கட்டை எடுத்தேன். கறையே இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டுதான் பிரித்தேன். மூன்று கவரில், அந்த மூன்றே கவரில், மங்கலாகச் சிவப்பு.

ஈரத் துணி என் கையிலேயே இருந்தது. ஒரு துடைப்பு போதும். நான் மலைக்குப் போகலாம், சுத்தமான பாசி கொண்டு வரலாம். எல்லோரும் ஸ்டெல்லா ரோட்டோரம்தான் எடுத்தாள் என்று முடிவு கட்டிவிடுவார்கள், யாரும் என்னைக் கேட்கப் போவதில்லை. துணியை மடித்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன். குரங்குக் குல்லா வேறு பைக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிறது. ஆனால் மலை ஏறிப் போய் நான் பார்க்க வேண்டியது அந்த மூன்று இடத்தைத்தானே? பார்த்துவிட்டு வந்து என்ன சொல்வேன்? அதோடு, தி. நகரில் நடுக்கடையில் நின்று நான் எடுத்த பாடம் வேறு காதில் ஒலித்தது.

மூடியையும் மூன்று கவரையும் தூக்கிக்கொண்டு மேடம் அறைக்குப் போனேன். சொல்லி முடித்தேன், எதற்காக வைத்தேன் என்பது உட்பட. மேடம் மூடியிலிருந்து கொஞ்சம் சுரண்டி எடுத்தார். வீட்டில் இருக்கும் பாக்கெட்டையும் கொண்டுவரச் சொன்னார். நடைபாதையில் வாங்கின பெயர் போடாத பாக்கெட், ஒரு சிட்டிகை தொட்டாலே விரல் அப்படிச் சிவக்கும் என்று ஆசையாக வாங்கினது. அளந்து பார்த்ததில் அதில்தான் ஈயம். வேலை போயிற்று என்று நான் நின்றுகொண்டிருந்தேன். மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்:

"மலையை விடு செல்வி, குழந்தை நெத்திக்கும் இதைத்தான் தினம் வெச்சு விடறியா?"

பாவசங்கீர்த்தனம்

அன்றைக்கே பவித்ராவைக் கூட்டிக்கொண்டு போய் ரத்தம் பரிசோதித்தோம். பயப்படும்படி இல்லை. இரண்டு நாள் கழித்துத்தான் எனக்குச் சோறு இறங்கியது. அவளுக்கு இப்போது ஸ்டிக்கர் பொட்டு. எனக்கும்தான். வாசலில் பத்து நிமிடம் எட்டு நிமிடமாகக் குறைந்திருக்கிறது.

அனுமதியில் ஸ்டெல்லா பெயர் திரும்பி வந்தது. பெட்டியை நான் கட்டினேன், மூடியை மேடம் மூன்று தடவை திருப்பிப் பார்த்தார். ஆயுத பூஜை இனி வாசல் கதவுக்கு மட்டும் என்று சுவரில் ஒரு காகிதம் ஒட்டியாகிவிட்டது. ஸ்டெல்லா இரண்டு நாள் என்னோடு பேசவே இல்லை. அக்காவும் இல்லை, ஒன்றும் இல்லை. கிளம்புகிற அன்று பெட்டியைத் தூக்கி ஆட்டோவில் வைத்தேன். பாண்டி பஜார் குரங்குக் குல்லாவையும் கொடுத்தேன், இங்கே அதை வைத்து நான் என்ன செய்ய? வாங்கித் தலையில் மாட்டிக்கொண்டாள். அவளுக்கு அதுவும் நன்றாகத்தான் இருந்தது, கேட்பானேன். ஆட்டோ கிளம்பியதும் தலையை வெளியே நீட்டி, அடையாறுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்:

"தெரியாம ரோட்டோரம் எடுத்துட்டேனோன்னு பயந்து, கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணி, அவர் சொன்ன ஜெபமெல்லாம் சொல்லி முடிச்சுட்டேன் அக்கா, உங்க பாவத்துக்கு!"

ஊர் அழுக்கு ஆள் போகாத காட்டுக்கு எந்த வழியாகப் போய்ச் சேர்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலை என்றால், என் பொறாமை திருவான்மியூரில் ஏறி, பெட்டி மூடியில் உட்கார்ந்து, டிக்கெட்கூட எடுக்காமல் நீலகிரி போய்ச் சேர்ந்த வழியைக் கண்டுபிடித்துக் கொடுத்ததும் நான்தான் என்பதை யாராவது எங்காவது குறித்து வைக்க வேண்டும்.